பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?

திருச்சி போகும் வழியில், மேல்மருவத்தூர் தாண்டியதும் காரில் ஒரு ஜெர்மன் இசைத்தட்டைப் போட்டேன். திண்டிவனத்தை நெருங்கும்போது மச்சான் கேட்டான்: "மாமா, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?"

கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அதுவரை இருபத்தைந்து நிமிடமாகக் காருக்குள் இரண்டே இரண்டு கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்) மாறி மாறி வந்துகொண்டிருந்தன. அடியில் டிக் டிக்கென்று ஒரு டிரம் மெஷின், மேலே புள்ளிபுள்ளியாய்த் தெறிக்கும் சிந்தசைசர், அதாவது மின்சாரத்தில் ஒலி உண்டாக்கும் கருவி. அவன் இதையெல்லாம் முன்னிசை என்று நினைத்துப் பொறுமையாகப் பல்லவிக்குக் காத்திருக்கிறான். நல்ல பையன். வேறு யாராவது இருந்திருந்தால் மேல்மருவத்தூரிலிருந்து ஐந்தாவது கிலோமீட்டரிலேயே மாற்றியிருப்பார்கள். பின்சீட்டில் அவன் பெண்குழந்தை எப்போதோ தூங்கிப்போயிருந்தது. "குழந்தை தூங்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு" என்று அவனே ஒரு ஆறுதலும் சொன்னான். டீக்கடையில் நிறுத்தினோம். திரும்பி வந்து ஏறியபோது அவன் போன் காரோடு இணைந்துவிட்டது. அதிலிருந்து வேறு பாட்டு ஓடியது. நானும் விட்டுவிட்டேன்.

ஆனால் அந்தக் கேள்வி விடவில்லை. திருச்சி வரைக்கும் வந்தது, வீட்டுக்கும் வந்தது. ஏனென்றால் டீக்கடையில் நிறுத்தாமல் இன்னும் சில நிமிடம் ஓட்டியிருந்தால் அதில் கிட்டார் வந்திருக்கும். "இதோ, இப்ப ஆரம்பிக்குது பார்" என்று அவனிடம் சொல்லியிருப்பேன். அப்படிச் சொல்லியிருந்தால் அது தப்பான பதில் என்பதும் எனக்கே தெரிகிறது. ஏன் தப்பு என்பதுதான் புரியாமல் இருந்தது.

காரில் ஓடியது மனுவெல் கெட்ஷிங் என்ற பெர்லின்காரரின் இசை. இசைத்தட்டின் பெயர் ஈ2-ஈ4. மொத்தம் ஐம்பத்தொன்பது நிமிடம், ஒரே பாட்டு. கிட்டார் இரண்டாம் பாதியில்தான் வரும்.

350 ரூபாய் கிட்டார்

இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கல்லூரிக் காலத்தில் திருச்சியில் ஒரு மெல்லிசைக் குழுவில் நான் லீட் கிட்டார். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, ஆடி மாதமென்றால் வாரத்துக்கு மூன்று கச்சேரி. ஒரு இரவுக்கு 350 ரூபாயும் புரோட்டாவும். சினிமாப் பாட்டில் வரும் கிட்டார் துண்டுகளை கேசட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கேட்டு அப்படியே எடுத்து வைத்திருப்பேன். ஸ்பீக்கருக்குப் பின்னால் நிற்கிறவர்கள் கண்ணுக்குத் தெரிவது என் முதுகு மட்டும்தான். ஆனாலும் இடையிசையில் எனக்கு நான்கு பார், அதாவது நான்கு தாளச் சுற்று, வரும்போது கூட்டம் முழுக்க என்னைப் பார்ப்பதாக ஒரு நினைப்பு.

ஒரு நாள் எங்கள் கீபோர்டு அண்ணன் புதுசு வாங்கி வந்தார். நூற்றுக்கணக்கில் ஒலிகள். வயலின், புல்லாங்குழல், ஷெனாய், அப்புறம் டிஸ்டார்ஷன் கிட்டார். ஒத்திகையில் விளையாட்டாக என் துண்டை வாசித்துக் காட்டினார். வலது கையில் சுரம். இடது கைக் கட்டைவிரல் ஓரத்துச் சக்கரத்தில். நான் கம்பியை மேலே தள்ளி ஒரு சுரத்தை இழுப்பேன் இல்லையா, அந்த இழுப்பை அவர் கட்டைவிரல் அரை அங்குலம் உருட்டிச் செய்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மூன்றாவது வாரம் குழுவை நடத்தியவர் தோளில் கைபோட்டுத் தனியாகக் கூப்பிட்டுப் போனார். வண்டியில் இடமில்லை தம்பி, சின்னக் கச்சேரிக்கெல்லாம் கீபோர்டே பார்த்துக்கும், பெரிய கச்சேரின்னா சொல்லி அனுப்பறேன் என்றார். சொல்லி அனுப்பவில்லை.

அன்றிலிருந்து சிந்தசைசர் என்றாலே எனக்கு என் வேலையைப் பிடுங்கிய சாமான். கிட்டார்தான் நிஜம், அது போலி. இதை ஒரு கொள்கையாகவே ரொம்ப வருடம் பேசித் திரிந்திருக்கிறேன். கேட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நோய் என்று ஒரு குழு

இந்தக் கொள்கை முதலில் ஆட்டம் கண்டது மிஹாயேல் ரோட்டர் என்ற கிட்டார்காரரால். டுசெல்டார்ஃபில் கிளவுஸ் டிங்கர் என்ற டிரம்மரோடு சேர்ந்து அவர் நடத்திய இரண்டு பேர் குழுவுக்குப் பெயர் நோய். ஜெர்மனில் 'புதிது' என்று அர்த்தம். தமிழனுக்கு இந்தப் பெயரை இன்னொருவரிடம் பரிந்துரைப்பதில் உள்ள சங்கடம் ஜெர்மன்காரர்களுக்குப் புரியாது. 1972-இல் வந்த முதல் தட்டு பத்து நிமிடப் பாட்டோடு தொடங்குகிறது. கார்டு மாறுகிற ஜோலியே கிட்டத்தட்ட இல்லை. டிரம் நேரே போகிறது, கிட்டார் அதன்மேல் மிதக்கிறது.

ரோட்டர் பள்ளி நாட்களில் என்னைப் போலத்தான் இருந்திருக்கிறார். ஆங்கிலேய, அமெரிக்கக் கிட்டார் நாயகர்களை அச்சு அசலாக வாசிக்கிற பையன். பிறகு ஒரு கட்டத்தில், இது நான் இல்லையே என்று தோன்றி, கற்ற வித்தையை எல்லாம் வேண்டுமென்றே கழற்றி வைத்தார். ப்ளூஸ் கிடையாது, வேகம் காட்டுவது கிடையாது. 1973-இல் வேசர் ஆற்றங்கரையில் ஃபோர்ஸ்ட் என்ற சிற்றூருக்குப் போனார். அங்கே ஒரு பழைய வீட்டில் ரோடிலியஸ், மோபியஸ் என்ற இருவர் சிந்தசைசரும் ஆர்கனும் எக்கோ கருவிகளுமாகக் குடியிருந்தார்கள். மூவரும் சேர்ந்து ஹார்மோனியா ஆனார்கள். 1976-இல் ஆங்கிலேய இசைக்காரர் பிரையன் ஈனோ அந்த வீட்டுக்கே வந்து சில நாள் தங்கி வாசித்துவிட்டுப் போனார். அப்போது பதிவானவை வெளியே வர 1997 ஆயிற்று. அவசரமில்லாத ஆட்கள்.

ஹார்மோனியா தட்டுகளில் எது கிட்டார், எது ஆர்கன் என்று பிரித்துப் பார்க்க உட்கார்ந்து தோற்றிருக்கிறேன். ஆனால் மச்சானின் கேள்விக்குப் பிறகு எனக்கு ஞாபகம் வந்தது வேறு விஷயம். ரோட்டர் சிறுவனாகச் சில ஆண்டுகள் கராச்சியில் வளர்ந்தவர். அங்கே காதில் விழுந்த இசைக்குத் தொடக்கமும் முடிவும் இருப்பதாகவே தெரியவில்லை, அது தன்னை விட்டுப் போகவே இல்லை என்று பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொல்கிறார். எந்த வாத்தியம், என்ன ராகம் என்பதெல்லாம் அந்தப் பையனுக்குத் தெரிந்திருக்காது. முடியாமல் போய்க்கொண்டே இருக்கிறது என்பது மட்டும் பதிந்திருக்கிறது.

நம் ஊரில் மட்டும் என்ன? ராத்திரி சுவாமி புறப்பாட்டில் நாகஸ்வரக்காரர் ஒரு ராகத்தை எடுத்து வீதி வீதியாக இழுத்துக்கொண்டு போனபோது "கீர்த்தனை எப்ப வரும்?" என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. மச்சானும் அந்தத் தெருவில் வளர்ந்தவன்தான். ஆனால் காரில் ஏறி ஸ்பீக்கர் முன்னால் உட்கார்ந்தால் அவன் காது சினிமாப் பாட்டுக் காது. முப்பது வினாடி முன்னிசை, பல்லவி, சரணம், நாலரை நிமிடத்தில் சோலி முடிந்தது. என் காதும் அதுதான். இல்லையென்றால் கிட்டார் வருகிற இடத்தை ஏன் 'ஆரம்பம்' என்று நினைத்திருப்பேன்?

ஒரு சனிக்கிழமை ராத்திரி

திருச்சியிலிருந்து திரும்பிய வாரம், எல்லோரும் தூங்கிய பிறகு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஈ2-ஈ4-ஐ முதலிலிருந்து போட்டேன். முன்பு பலமுறை கேட்டதுதான். ஆனால் எப்போதும் கிட்டாருக்காகக் காத்திருந்துதான் கேட்டிருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. முதல் பாதி எனக்குப் பஸ் ஸ்டாண்ட்.

அது பதிவான கதை இந்த மாதிரி இசை கேட்கிறவர்களுக்கெல்லாம் தெரியும். 1981 டிசம்பர் 12. கிளவுஸ் ஷூல்ஸ் என்ற சிந்தசைசர்காரரோடு ஒரு சுற்றுப்பயணம் முடிந்து கெட்ஷிங் பெர்லின் திரும்பியிருந்தார். கருவிகளெல்லாம் தயாராக இருந்தன. மறுநாள் விமானத்தில் ஹாம்பர்க் போகவேண்டும், வழியில் வாக்மேனில் கேட்க ஏதாவது இருந்தால் தேவலை என்று தன் ஸ்டூடியோவில் உட்கார்ந்து வாசித்தார். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம், பிறகு ஒட்டுவேலை ஒன்றும் இல்லை. அது தட்டாக வெளிவந்தது 1984-இல், ஷூல்ஸின் இன்டீம் நிறுவனத்தில். இடையில் வர்ஜின் இசைத்தட்டு நிறுவனத்தின் முதலாளி ரிச்சர்ட் பிரான்சனிடம் போட்டுக் காட்டியதைக் கெட்ஷிங் பேட்டியில் சொல்லியிருக்கிறார். பிரான்சனின் கைக்குழந்தை கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டதாம். கெட்ஷிங் இதை நல்ல சகுனமாகவே எடுத்துக்கொண்டு சொல்கிறார். மச்சான் தன் குழந்தை தூங்கியதைச் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் கோபம் வந்தது, அவருக்கு வரவில்லை. கொஞ்ச காலம் கழித்து நியூயார்க்கின் பாரடைஸ் கராஜ் கிளப்பில் லாரி லெவன் என்ற டிஜே இதையே போட்டு ஆட்களை ஆடவிட்டார். 1989-இல் இத்தாலிக்காரர்கள் இதன்மேல் ஹவுஸ் என்ற கிளப் நடன வகையில் ஒரு பாட்டே கட்டினார்கள். குழந்தை தூங்குகிற அதே இசைக்கு விடியவிடிய ஆடியிருக்கிறார்கள்.

ஈ2-ஈ4 என்ற பெயர் சதுரங்கத்திலிருந்து வந்தது. ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளும் முதல் நகர்வு. சென்னையில் வகுப்புக்குப் போகும் எந்த வாண்டும் சொல்லும். கிட்டார்காரனுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு: கிட்டாரின் தடித்த கம்பி ஈ2, மெல்லிய கம்பி ஈ4, இரண்டுக்கும் நடுவே இரண்டு ஸ்தாயி. அட்டையிலும் சதுரங்கக் கட்டம். உள்ளே பகுதிகளின் பெயர்களும் ஆட்டம் போகிற போக்கில்தான்: 'அமைதியான படபடப்பு' என்று தொடங்கி 'டிரா'வில் முடியும்.

அமைதியான படபடப்பு. அன்று ராத்திரி அந்த முதல் பதின்மூன்று நிமிடத்தை விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன். ஸீக்வென்சர் என்ன செய்யும்? சில சுரங்களை வரிசையாக அடுக்கிக் கொடுத்தால் அதையே சுற்றிச் சுற்றி வாசிக்கும். அலுக்காது, தப்பாது, வேகம் கூட்டாது. அதனால் ஒன்றும் நடக்கவில்லை என்று தோன்றும். ஆனால் கெட்ஷிங்கின் கை சும்மா இல்லை. ஒரு குமிழைத் திருகுகிறார், மந்தமாக இருந்த ஒலி மெல்லத் திறக்கிறது. சோற்றுப்பானை மூடியை லேசாக நகர்த்தினால் ஆவியின் சத்தம் மாறுமே, அந்த அளவுக்குத்தான் மாற்றம். இன்னொன்றை ஏற்றி, ஏற்றிய சுவடு தெரியாமல் இறக்குகிறார். எட்டாவது நிமிடத்தில் கேட்டதும் ஐந்தாவது நிமிடத்தில் கேட்டதும் ஒன்றல்ல, ஆனால் எப்போது மாறியது என்று விரல்வைத்துச் சொல்ல முடியாது.

அப்போது ஒன்று தோன்றியது. இந்த ஒலிகளில் எதுவும் எந்த வாத்தியத்தையும் போலச் செய்யவில்லை. வயலின் மாதிரி இல்லை, புல்லாங்குழல் மாதிரி இல்லை. மெஷின் மெஷினுக்குத் தெரிந்ததைச் செய்கிறது. ஒரு மனிதன் இதை அரை மணி நேரம் கம்பியில் வாசித்தால் கை மரத்துவிடும், அதைவிட, வாசிக்கிறவனுக்கு ஆசை வந்துவிடும், நாலு சுரம் கூடப் போட்டுவிடுவான். மெஷினுக்கு அந்த ஆசை இல்லை.

பாதி தாண்டியதும் கிட்டார் வந்தது. வந்தது என்றுகூடச் சொல்லக்கூடாது, ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த பேச்சில் ஒருவர் வந்து திண்ணையில் உட்கார்ந்ததுபோல. மெஷின் அதற்காக ஒலி குறைக்கவில்லை, ஒதுங்கவில்லை. கிட்டாரும் கூட்டத்தைப் பார்த்து நிமிரவில்லை. சின்னச் சின்ன வாக்கியங்கள். ஒன்றைச் சொல்லிவிட்டு நிறுத்தி, கேட்டு, அப்புறம் அடுத்தது. சுரத்தை இழுக்கிறபோது நேரே போய் நிற்பதில்லை, கொஞ்சம் கீழேயிருந்து தயங்கி ஏறுகிறது. அரை மணி நேரமாக ஒரு மயிரிழைகூடப் பிசகாத கடிகாரத்தைக் கேட்ட காதுக்கு அந்தத் தயக்கம் எவ்வளவு பெரிதாகக் கேட்கும்! முதல் நிமிடத்திலேயே கிட்டார் வந்திருந்தால் அந்தத் தயக்கம் எனக்குக் கேட்டே இருக்காது. மெல்லிசை மேடையில் என் நான்கு பாரில் அது கேட்டிருக்குமா? அன்றைக்கு நானும்தான் கேசட்டில் இருந்த இன்னொருவரின் தயக்கத்தை நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். நகலெடுக்கிற வேலையை மெஷின் என்னைவிட மலிவாகச் செய்தது. என்னை வண்டியிலிருந்து இறக்கியதில் நியாயம் இருந்தது என்று இருபது வருடம் கழித்து ஒத்துக்கொள்ள வேண்டிவந்தது.

சரி, அவ்வளவு சுத்தமா இது?

போலச் செய்தால் தப்பு, தானாக இருந்தால் சரி என்று ஒரு கோடு போட்டு, அடுத்த இரண்டு நாள் திருப்தியாக இருந்தேன். அப்புறம் அதே கெட்ஷிங்கே அதை அழித்துவிட்டார். 1975-இல் அவர் வெளியிட்ட 'எலெக்ட்ரிக் கிட்டாருக்கான புனைவுகள்' தட்டைப் போட்டால், கேட்பது சத்தியமாக ஸீக்வென்சர். ஓடுகிற, துடிக்கிற, தப்பாத மெஷின். ஆனால் அதில் சிந்தசைசரே கிடையாது. ஒரு கிப்சன் கிட்டார், சில பெடல்கள், எக்கோவுக்கு ஒரு ரெவாக்ஸ் டேப் ரெக்கார்டர், பதிய ஒரு நான்கு டிராக் டியாக் ரெக்கார்டர். அவ்வளவுதான். கிட்டார் மெஷின் வேஷம் கட்டியிருக்கிறது! ஆறு வருடம் கழித்து நிஜ மெஷினை வைத்து அதையே விரித்தார். அப்படியானால் என் கோடு?

எப்படிச் செய்தார் என்று பார்க்க நானும் ஒரு பழைய டிலே பெடல் வாங்கினேன். வாசித்ததைச் சற்றுத் தள்ளி எக்கோவாகத் திருப்பிச் சொல்லும் பெட்டி அது. உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கம்பிமேல் வைத்து அமுக்கி, சுரத்தைத் துண்டு துண்டாகத் தட்டவேண்டும். எக்கோ எவ்வளவு நேரம் கழித்து வரவேண்டும் என்பதில்தான் சூட்சுமம். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு தட்டு 500 மில்லி விநாடி. அதற்குள் தகதிமி நான்கு எழுத்து. எக்கோவை மூன்று எழுத்துத் தள்ளி, 375 மில்லி விநாடியில் வைத்தேன். இப்போது நான் 'த'வும் 'தி'யும் மட்டும்தான் வாசிக்கிறேன். விட்ட இடத்தில் 'க'வும் 'மி'யும் தானாக வந்து உட்காருகின்றன. முன்பு வாசித்த 'த' இப்போது 'மி'யாகத் திரும்புகிறது, 'தி' அடுத்த 'க'வாக. அது அமைந்த கணத்தில் உடம்பு சிலிர்த்துவிட்டது. வாசிப்பது பாதி, கேட்பது முழுசு. கை கொஞ்சம் முந்தினாலும் எக்கோ காட்டிக்கொடுத்துவிடும், பத்து விநாடியில் எல்லாம் சேறு. வேஷம் கட்டியது கிட்டார் இல்லை என்று அப்போது பட்டது. மெஷினிடம் அது தாளம் கற்றுக்கொண்டிருக்கிறது. எங்கள் கீபோர்டு அண்ணன் கட்டைவிரலால் சக்கரத்தை உருட்டியபோதும் ஏதோ கற்றுக்கொண்டுதான் இருந்தாரோ என்னவோ. நான் என் 350 ரூபாயை மட்டும் பார்த்தேன்.

இந்தப் பக்கம் இன்னொரு எல்லையில் வியன்னாவின் கிறிஸ்டியன் ஃபெனஸ் இருக்கிறார். 2001-இல் வந்த 'முடிவில்லாக் கோடை' தட்டில் கிட்டாரை லேப்டாப்பில் போட்டு நொறுக்கியிருப்பார். முதல் தடவை கேட்டபோது இயர்போன் ஒயர் பிய்ந்துவிட்டது என்று ஜாக்கைத் திருகிக்கொண்டே இருந்தேன். அந்தக் கரகரப்புக்கு அடியில் கடற்கரையில் உட்கார்ந்து முணுமுணுக்கிற மாதிரி எளிமையான மெட்டு ஒன்று இருப்பது நாலாவது தடவைதான் தெரிந்தது. இதை மச்சானுக்குப் போடமாட்டேன். காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடுவான்.

கெட்ஷிங் 2022 டிசம்பரில் இறந்தார். அந்தச் செய்தி வந்தபோது நான் இன்னும் கிட்டாருக்காகக் காத்திருந்து கேட்கிற ஆளாகத்தான் இருந்தேன்.

போன தை மாதம் ஒரு கல்யாணத்தில் கீபோர்டு அண்ணனைப் பார்த்தேன். மெல்லிசைக் குழு எப்போதோ கலைந்துவிட்டது, இப்போது உறையூரில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கிட்டாரும் பெடலுமாக அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டு கார்டு மட்டும் போதும் அண்ணே, வேறெதற்கும் போகவே வேண்டாம், கிட்டார் ஒலி வேண்டாம், வயலின் வேண்டாம், எதைப் போலவும் இல்லாத ஒன்றைப் போடுங்கள் என்றேன். "எதைப் போலவும் இல்லாததா? அப்படி ஒரு பட்டன் இல்லையேப்பா" என்றார். பிறகு ஒரு ஒலியை எடுத்து, குமிழ்களைத் திருகித் திருகி அதன் முகத்தையே அழித்து, வாசிக்க ஆரம்பித்தார். முதல் கொஞ்ச நேரம் அவர் கை பல்லவிக்குப் போகத் துடித்தது. அடக்கிக்கொண்டார். நான் பத்து நிமிடம் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். அவ்வளவு நேரம் சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. பிறகு ஒரு 'த', ஒரு 'தி'.

இருபது நிமிடம் ஆகியிருக்கும். அடுப்படியிலிருந்து அண்ணி எட்டிப் பார்த்தார். "என்னங்க, ட்யூன் பண்ணி முடிச்சாச்சா? இலை போடட்டுமா?"

அண்ணன் கையை எடுக்காமல் சொன்னார்: "இன்னும் இல்லம்மா, கொஞ்சம் இரு."